ஏன்னு கேட்காதீங்க, எம்-புக் கேளுங்க

ரெக்கார்டு என்று சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வருவது லேப் ரெக்கார்டுதான். முதலில் அப்சர்வேஷன் நோட்டு, அதில் ரீடிங், சார் கையெழுத்து. அப்புறம் ஃபேர் ரெக்கார்டு. ரீடிங்கை அழித்து எழுதியிருந்தால் சார் கண்டுபிடித்துவிடுவார். அரசாங்கத்திலும் இதே மாதிரி ஒரு அப்சர்வேஷன் நோட்டு இருக்கு. அதைத் திறந்து பார்க்க உங்களுக்கும் எனக்கும் சட்டப்படி உரிமை இருக்கு. சிவில் படித்துக்கொண்டே எனக்கு இது தெரியாமல் இருந்தது. தெரிய வைத்தது 2023 டிசம்பர் மழை.

பஞ்சாயத்து, ஒன்றியம், மாநகராட்சி மாதிரியான அலுவலகங்களில் இருக்கும் ஆவணங்களை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இந்தப் பாடம். நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்றேன். அது தெரிந்தால்தான் பாடம் முழுசாகும்.

ஒன்பது நாள் தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 நம்ம மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்க ஊர் கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமம். பேர் வேண்டாம். எங்க தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மற்ற தெருக்களில் மூணு, நாலு நாளில் வடிந்துவிட்டது. எங்க தெருவில் மட்டும் ஒன்பது நாள் நின்றது. இத்தனைக்கும் எங்க தெருவில்தான் புதுசாகக் கட்டிய கான்கிரீட் வாய்க்கால் இருக்கு. கட்டி முழுசாக ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

டீக்கடையில் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிட்டது. "காண்ட்ராக்டர் தின்னுட்டான். ஓவர்சியருக்கும் பங்கு." அந்த ஒப்பந்தக்காரர் பக்கத்து ஊர்க்காரர். அவர் மகள் எங்க பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். நானும் டீக்கடையில் நின்று தலையாட்டினேன். வாட்ஸ்அப் குழுவில் "இதுதான் நம்ம ஊர் பொறியியல்" என்று வாய்க்கால் போட்டோவும் போட்டேன்.

அப்புறம் ஜனவரியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். கோபம் அடங்காத மனு. கேட்ட கேள்விகள் இவை:

1. எங்கள் தெருவில் தண்ணீர் ஏன் வடியவில்லை?
2. வாய்க்கால் தரமில்லாமல் கட்டப்பட்டது ஏன்?
3. இதற்கு யார் பொறுப்பு? அவர்மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?

இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. "தாங்கள் கோரியவை சட்டத்தின்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது." ஒரே வரி. எனக்கு ஆத்திரம். ஆனால் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தபோது, அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

சட்டம் எதைத் தருகிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதில் விலக்குகள் அதிகம் என்பதால் பெரிதாகப் பயன்படவில்லை.

இப்போதைய சட்டத்தின் இதயம் பிரிவு 2. அதில் 'தகவல்' என்றால் என்ன என்று எழுதியிருக்கு: பதிவேடு, ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், உத்தரவு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி, மின்னணு வடிவில் உள்ள தரவு. சுருக்கமாகச் சொன்னால், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருள். 'ஏன்' என்பதற்குப் பதில் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தால் அந்தக் காகிதம் கிடைக்கும். நமக்காக யோசித்து ஒரு பதில் எழுதித் தரவேண்டிய கடமை அவர்களுக்குக் கிடையாது. சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில்தான், தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை இருக்கு என்றும் சொன்னது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

ராஜஸ்தானில் இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர்களும் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994இல் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தியது. கூலி ஏன் குறைந்தது என்று வாதம் பண்ணிக்கொண்டிருக்காமல், வருகைப் பட்டியலையும் பில்லையும் கையில் வாங்கி ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தபோதும் கோரிக்கை அதுதான்: நகல் கொடு.

தாத்தா சொன்னது

எங்க தாத்தா சங்கு குளித்தவர். இளவயதில் முத்துச் சலாபத்துக்கும் போயிருக்கார். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். என் மனு திரும்பி வந்த கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஏல, அந்தக் காலத்துல சலாபம் போடுததுக்கு முன்னாடி என்ன செய்வாக தெரியுமா? பாருல இருந்து கொஞ்சம் சிப்பிய எடுத்து, எண்ணி, அழுக வச்சு, கழுவி, எத்தன முத்து, என்ன வெல பெறும்னு எழுதுவாக. அத வெளிய சொல்லுவாக. அதக் கேட்டுட்டுத்தான் வியாபாரி வருவான். இந்தப் பாருல முத்து இருக்கா இல்லையான்னு வாயால கேட்டா யாரு பதில் சொல்லுவா? மாதிரி எடுத்துப் பாக்கணும்ல."

பார் என்றால் சிப்பி விளையும் கடலடித் திட்டு. மாதிரி எடுத்து மதிப்புப் போட்ட பிறகே குளிப்பு நடக்கும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். தாத்தா சட்டம் படித்ததில்லை. ஆனால் பிரிவு 2(ஜே)யை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கு. அந்தப் பிரிவு நாலு உரிமை தருகிறது: வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம்; குறிப்பு எடுக்கலாம், சான்றளித்த நகல் வாங்கலாம்; கட்டுமானப் பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கலாம்; கம்ப்யூட்டரில் இருப்பதை மின்னணு வடிவில் வாங்கலாம். ஆமாம், ரோட்டில் இருந்து தார் மாதிரி, வாய்க்காலில் இருந்து கான்கிரீட் மாதிரி கேட்பதுகூட நம்ம உரிமை. பொறியியல் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு வேலைக்கு எத்தனை காகிதம்?

எந்தக் காகிதத்தைக் கேட்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். பெயர் தெரியாத பொருளைக் கடையில் கேட்க முடியாது. ரோடு, வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி எதுவாக இருந்தாலும், வேலை தொடங்கி முடியும் வரை இந்தக் காகிதங்கள் பிறக்கும்:

- நிர்வாக அனுமதி: இந்த வேலை செய்யலாம், இந்தத் திட்டத்தில் இவ்வளவு பணம் என்ற உத்தரவு.
- மதிப்பீடு: நாம் சொல்லும் எஸ்டிமேட். என்னென்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன விலை என்று வரிசையாக இருக்கும். கூடவே வரைபடம்.
- தொழில்நுட்ப அனுமதி: மதிப்பீடு சரி என்று பொறியாளர் போடும் கையெழுத்து.
- டெண்டர் ஆவணங்கள், ஒப்பந்தம், வேலை உத்தரவு: யாருக்கு, எந்த விலைக்கு, எத்தனை மாதத்தில். குறைபாடு வந்தால் எவ்வளவு காலம் வரை ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.
- அளவுப் புத்தகம்: எல்லாரும் சொல்வது எம்-புக். நான் முதலில் சொன்ன அப்சர்வேஷன் நோட்டு இதுதான். களத்தில் டேப் பிடித்து அளந்ததை அங்கேயே எழுத வேண்டும். பக்கங்களுக்கு எண் அச்சடித்திருக்கும். அழித்து எழுதக் கூடாது. தப்பு வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதை வைத்துத்தான் பில் போகும்.
- தரச் சோதனை அறிக்கை: கியூப் சோதனை மாதிரியான முடிவுகள்.
- பில், பணி நிறைவுச் சான்று.
- குறிப்புத் தாள்: கோப்பில் ஒருவர் பின் ஒருவராக அலுவலர்கள் எழுதும் குறிப்புகள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இங்கேதான்.

ரெண்டாவது மனு

மார்ச் மாதம் நான் எழுதிய மனு இது. நீங்களும் வேலையின் பெயரை மட்டும் மாற்றி எழுதலாம்.

> அனுப்புநர்: பெயர், முழு முகவரி.
> பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், அலுவலகத்தின் பெயர், ஊர்.
> பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் தகவல் கோருதல்.
>
> ஐயா / அம்மையீர்,
> 2022ஆம் ஆண்டு எங்கள் ஊராட்சியில் ........ தெருவில் கட்டப்பட்ட மழைநீர் வடிகால் தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன்.
> 1. மதிப்பீடு மற்றும் வரைபடங்கள்.
> 2. வேலை உத்தரவு மற்றும் ஒப்பந்தம்.
> 3. இப்பணிக்கான அளவுப் புத்தகப் பக்கங்கள்.
> 4. இறுதிப் பில் மற்றும் பணி நிறைவுச் சான்று.
> 5. இப்பணிக் கோப்பின் குறிப்புத் தாள்கள்.
> 6. மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறிப்பிட்டுத் தர வேண்டுகிறேன்.
>
> கட்டணம் ரூ.10-க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நான் இந்தியக் குடிமகன்.
> இடம், நாள், கையொப்பம்.

இதில் ஐந்து விஷயம் கவனியுங்க. ஒன்று, 'ஏன்' என்ற சொல்லே இல்லை. ரெண்டு, எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணமும் இல்லை. பிரிவு 6(2) படி சொல்லத் தேவையில்லை. மூணு, காலமும் இடமும் குறிப்பாக இருக்கு. 'பத்து வருஷமாக எல்லா வேலைகளும்' என்று கேட்டால், தேடி எடுக்க ஆள் இல்லை என்று இழுத்தடிக்க வழி கிடைத்துவிடும். நாலு, மனு தனி நபர் பெயரில் இருக்கு; சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு, அதனால் மாணவர் மன்றம் என்ற பெயரில் போடாதீங்க. ஐந்து, பார்வையிடவும் கேட்டிருக்கு. முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் கிடையாது. நகல் ஒரு பக்கம் 2 ரூபாய். நேரில் போய்ப் பார்த்து, வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் கேட்டால் காசு மிச்சம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று வைத்தால் கட்டணமே இல்லை.

தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வையுங்க, மனுவின் நகலையும் வையுங்க. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. தமிழக அரசுக்கு ஆர்டிஐ ஆன்லைன் தளம் இருக்கு. உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருந்தால் அதிலேயே போடலாம்.

கதவு மாறிப் போகாதீங்க

நம்ம ஊரில் இது ஒரு பெரிய குழப்பம். ஒரே கடற்கரையில் ஒன்றிய அரசும் மாநில அரசும் உள்ளாட்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு.

தெரு, வடிகால், சொத்துவரி, கட்டட அனுமதி என்றால் நகரத்துக்குள் மாநகராட்சி. தூத்துக்குடி 1866இல் நகராட்சி ஆனது, 2008 ஆகஸ்ட் 5இல் மாநகராட்சி ஆனது. இப்போது 60 வார்டு. உங்க வார்டு எண்ணை மனுவில் எழுதினால் கோப்புத் தேடுவது சுலபம். 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு நடந்த வேலைகளுக்குத் தனி நிறுவனம் இருக்கு. அரசு நிறுவனம் என்பதால் அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். கிராமம் என்றால் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும். எம்-புக் மாதிரியான பொறியியல் ஆவணங்களுக்கு ஒன்றிய அலுவலகத்தில்தான் கேட்கணும்.

வ.உ.சி. துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அது ஒன்றிய அரசின் கீழ் வருவது. விமான நிலையமும் அப்படியே. இவற்றுக்கு ஒன்றிய அரசின் ஆர்டிஐ தளத்தில் போடணும். ரெண்டாவது மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. ஆனால் மீன்பிடித் துறைமுகம் மாநில மீன்வளத் துறை. அனல் மின் நிலையம் மாநில மின்வாரியக் குடும்பம்.

பழைய ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1986 அக்டோபர் 20 வரை நாம் திருநெல்வேலி மாவட்டம். அதற்கு முந்தைய கோப்பு என்றால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துச் சலாபக் கடிதங்கள் மாதிரி இன்னும் பழசு வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கதவு மாறிவிட்டாலும் பயப்பட வேண்டாம். பிரிவு 6(3) படி, வேறு அலுவலகத்துக்குரிய மனு என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அதை அங்கே அனுப்பிவைக்க வேண்டும்.

மனு போடாமலே கிடைப்பவை

பத்து ரூபாய் செலவழிக்கும் முன் இவற்றைப் பாருங்க. பிரிவு 4 படி, ஒவ்வொரு அலுவலகமும் 17 வகைத் தகவலைக் கேட்காமலே வெளியிட வேண்டும்: பட்ஜெட், அலுவலர் பட்டியல், மானியம் பெறுபவர் விவரம் எல்லாம் அதில் வரும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இருக்கு. வில்லங்க விவரம், வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறைத் தளத்தில். ஊராட்சிகளின் வரவு செலவு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில். டெண்டர்கள் மாநில டெண்டர் தளத்தில்.

கிராமத்தில் இன்னொரு பெரிய வாய்ப்பு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள். அங்கே வரவு செலவுக் கணக்கை வைக்க வேண்டும். வாசிக்கச் சொல்லிக் கேட்க, பட்டியலில் பெயர் உள்ள எந்த வாக்காளருக்கும் உரிமை இருக்கு. பதினெட்டு வயசு ஆகிவிட்டதா? அப்போ நீங்களும்தான்.

முப்பது நாள் கணக்கு

மனு கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். என் ரெண்டாவது மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லை. உடனே அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்குப் பிரிவு 19(1)இல் ஒரு பக்கக் கடிதம் போட்டேன்: இந்த நாளில் மனு கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை, நகல்களை வழங்க உத்தரவிடுங்கள். அவ்வளவுதான், திட்டவில்லை. 41ஆவது நாள் தடிமனான உறை வந்தது. 38 பக்கம். நகல் கட்டணம் 76 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(6) சொல்வதால் அதுவும் இல்லை.

முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கிடைத்த, அல்லது கெடு முடிந்த நாளில் இருந்து 30 நாள் அவகாசம். அதை அவர்கள் 30 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதினால் 45 நாள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. ஆணையத்தில் விசாரணைக்கு நாள் வர ரொம்பக் காலம் ஆகலாம். அதனால் முதல் மேல்முறையீட்டையே கவனமாக எழுதுங்க.

எல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நாட்டுப் பாதுகாப்பு, நடந்துகொண்டிருக்கும் புலன் விசாரணையைப் பாதிப்பது, வணிக ரகசியம், தனிநபர் தகவல் என்று பிரிவு 8இல் விலக்குகள் உண்டு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் விலக்கை இன்னும் அகலமாக்கிவிட்டது. அதனால் ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்க. ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டிய வரி இருந்தால், அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று பிரிவு 10 சொல்கிறது. 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது விலக்குப் பட்டியலிலேயே கிடையாது. அப்படிப் பதில் வந்தால் மேல்முறையீட்டில் அதையே எழுதுங்க.

38 பக்கத்தில் என்ன இருந்தது?

நானும் ஈசிஇ படிக்கும் நண்பனும் டேப் எடுத்துக்கொண்டு வாய்க்காலை அளந்தோம். மதிப்பீட்டில் 210 மீட்டர். எம்-புக்கில் 210 மீட்டர். எங்க டேப்பிலும் 210. அகலம் சரி, சுவர்க் கனம் சரி. கொத்தனார் அண்ணனிடம் டியூப் லெவல் வாங்கி வாட்டம் பார்த்தோம். வரைபடத்தில் இருந்தபடி தெற்கு நோக்கி இறங்கித்தான் இருந்தது. திருட்டைத் தேடிப் போன எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம்தான் மதிப்பீட்டின் கடைசி வரியைப் பார்த்தோம். வாய்க்கால் முடியும் இடத்தில் பெரிய ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடைக்குத் தண்ணீர் போக ஒரு சிறுபாலம். எம்-புக்கில் அந்தச் சிறுபாலத்துக்கு அளவே இல்லை. பில்லிலும் அதற்குப் பணம் எடுக்கவில்லை. அதாவது கட்டவும் இல்லை, காசு வாங்கவும் இல்லை. வாய்க்கால் ரோட்டு மேட்டில் போய் முட்டி நின்றிருக்கு. குறிப்புத் தாளில் ஒரு வரி: சாலைக்குரிய துறையின் அனுமதி வரப்பெறாததால் இப்பணி கைவிடப்படுகிறது.

மே மாதம் அந்தச் சாலைத் துறைக்கு இன்னொரு பத்து ரூபாய் மனு. கேட்டது ரெண்டே: அந்த அனுமதிக் கடிதம் பதிவான தபால் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதன்மேல் எடுத்த நடவடிக்கைகளின் நகல். பதில் நேரத்துக்கு வந்தது. கடிதம் வந்திருக்கு, ஆனால் வரைபடம் இணைக்கப்படவில்லை. இணைத்து அனுப்பும்படி திருப்பி எழுதியிருக்காங்க. அந்தப் பதில் கடிதம் எங்க ஊர்க் கோப்பில் இல்லை. எங்கேயோ நின்றுவிட்டது.

ஒரு தாள் வரைபடம் இணைக்காததால் ஒன்பது நாள் தண்ணீர்.

2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்தக் காகிதங்களை வாசித்தேன். கை நடுங்கியது. முதலில் வாசித்தது எம்-புக் அளவுகளை. அதைக் கேட்டதும் பின்வரிசையில் சலசலப்பு அடங்கியது. ஒப்பந்தக்காரர் அன்றைக்கு வரவில்லை. அவர் அண்ணன் வந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. "வாட்ஸ்அப்ல நான் போட்டது தப்பு, அளந்து பார்க்காம போட்டுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. வரைபடத்தோடு திரும்பக் கடிதம் அனுப்பத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படும்வரை தாத்தா எழுந்திருக்கவில்லை. "எழுதியாச்சால?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

இப்போது அனுமதி வந்துவிட்டது. வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்கான வேலை உத்தரவின் நகல் கேட்டு அடுத்த மனு எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்க தெருவில் கடைசியாக நடந்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்க. அது எந்த அலுவலகம் என்று கண்டுபிடிங்க. எம்-புக் நகல் கேட்டு ஒரு மனு போடுங்க. வந்ததும் டேப் எடுத்து அளங்க. அளவு குறைந்தால் உங்க கையில் ஆதாரம் இருக்கும். அளவு சரியாக இருந்தால் ஒரு மனுஷன் மேல் இருக்கும் வீண்பழி நீங்கும். எது வந்தாலும் முழுசாகப் படித்து முடிக்கும்வரை வாட்ஸ்அப்பைத் திறக்காதீங்க.